பொருள் விவரம்

ஐம்பது வார்த்தைக்குள் எழுதச் சொன்னார் நல்லசிவம் அண்ணன்.
ஆன்லைனில் படத்துக்குக் கீழே வரணுமாம்.
"நீதான் பி.காம். படிச்சவளாச்சே கண்ணு, எழுது."
ஈரோட்டில் திங்கள் ராத்திரிச் சந்தை.
ஆந்திராக்காரர் இரண்டு பேர்
வாங்கிய மூட்டை மேலேயே தூங்குகிறார்கள்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்:

நைட்டி. பெண்கள் இரவில் அணியும் தளர்வான நீள உடை.

எழுதிவிட்டு
'இரவில்' என்பதை அடித்தேன்.

காலை ஐந்தரைக்குப் பால் சொசைட்டி வரிசையில்
ஒன்பது நைட்டி,
ஒன்பதின் தோளிலும் துண்டு.
தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவது,
தறிக்குடோனில் இழை அறுந்ததும் குனிவது,
வெயிலேறி மஞ்சள் காயப்போடுவது,
எல்லாம் அதுதான்.
எங்கள் வளவு வேலாத்தாள் அக்கா
பொழுது சாய்ந்ததும் நைட்டியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு
இத்துப்போன வாயில் சேலையில் படுப்பார்.
"கசங்கிப் போச்சுன்னா
நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டு வெளிய போறது?"

'தளர்வான' இருக்கட்டும்.
எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்
மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தால்
விளிம்பில் நாலு விரல் வித்தியாசம்.
இடுப்பு எங்கே என்று கேட்காத துணி.
ஐந்து மாதம் வரை
யாரிடமும் சொல்லிக்கொடுக்காத துணி.

பேஷன் பற்றியும் ஒரு வரி போடு என்றார் அண்ணன்.
கழுத்தில் ஃப்ரில், நெஞ்சில் பேட்ச், கையில் பஃப்.
அம்பர்லா கட் என்றால் சுற்றளவு கூட,
விலையில் நாற்பது ரூபாய் கூட,
மொபெட்டில் ஏறினால் சக்கரத்தில் மாட்டும்.
ஃபீடிங் ஜிப் என்று தனி ரகம்.
மகன் காலேஜ் போன பிறகும்
கொடுமுடிக்காரர் ஒருத்தர் அதையேதான் கேட்கிறார்.
சீட்டுப் பணம் வைக்க
அதைவிடப் பத்திரமான இடம் இல்லையாம்.

இன்னொன்றும் எழுதி, பிறகு எடுத்துவிட்டேன்:
பவானி ரோட்டில் ஒரு பள்ளிக்கூட கேட்டில் பலகை.
பெற்றோர் நைட்டி அணிந்து வர வேண்டாம்.
அந்தப் பலகைக்குக் கீழேயே நின்று
மகனுக்கு டை சரிசெய்துகொண்டிருந்தார் ஒருவர்.
மெரூன் கலர், வெள்ளைப் புள்ளி,
எங்கள் கடைச் சரக்கு.
துண்டை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார்.
வாட்ச்மேன் பலகையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார்,
விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டார்.

படத்துக்கு மாடல் பிடிக்கக் காசில்லை.
பேக்கிங் மேகலாவை நிற்கவைத்தோம்.
தீவனப்புல் பச்சையில் மாங்காய் அச்சு,
பின்னால் ஷட்டர்.
"துண்டை எடு புள்ள, டிசைன் தெரியோணும்" என்றார் அண்ணன்.
"எடுக்க மாட்டனுங்க.
எங்க மாமனும் பாப்பாருங்க இதை."
அரைமணி நேரம் சொல்லிப் பார்த்தார்.
பிறகு துண்டோடவே எடுத்தோம்,
செக் போட்ட சென்னிமலைத் துண்டு,
இடது தோளில்.

நைட்டி. சுத்தப் பருத்தி. எந்நேரமும் அணியலாம்.
ஒரு பக்கம் பாக்கெட்.
முதல் இரண்டு துவைப்புக்குத் தனியாக ஊறவைக்கவும்.
இவ்வளவுதான் கடைசியில் ஏறியது.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் பதினேழு கேள்வி.
நீளம் எவ்வளவு என்று இரண்டு பேர்.
சாயம் போகுமா என்று ஒருத்தர்.
மீதிப் பதினாலு பேரும் கேட்டது
துண்டு சேர்த்து என்ன விலை.

அண்ணன் சென்னிமலைக்குப் போன் போட்டிருக்கிறார்.
இருநூறு உருப்படி, மேட்சிங் கலரில்.
மேகலா சம்பளத்தைக் கூட்டிக் கேட்கப் போகிறாளாம்.
நான் புது விவரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
டூ பீஸ் செட்
என்பதோடு நிற்கிறது.